நூற்றாண்டு விழா யாருக்கு?

விழா என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். வெள்ளிவிழா கண்டிருக்கிறோம், மணிவிழா கண்டிருக்கிறோம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, முன்வரிசையிலே மெத்தை வைத்த நாற்காலிகளைப் போட்டு, அவற்றிலே யார் யார் அமர்வது என்பதற்காக மூன்று நாள் முன்னதாகவே மனத்தாங்கல் கொள்ளும் விழாக்களையும் கண்டிருக்கிறோம். எல்லாம் முடிந்தபிறகு, அடுப்படியிலே வெந்து வியர்த்துச் சோறு வடித்தானே, அவன் எந்தப் பந்தியிலே உட்கார்ந்தான் என்று யாராவது கேட்டால் மட்டும், விழாக்குழுவினருக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்!

அந்தக் கேள்வியைத்தான் இலண்டன் மாநகரிலே நடந்த ஒரு விழாவைப் பார்த்துக் கேட்க விரும்புகிறோம்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள். வெம்பிளி அரங்கம். ஓர் இலட்சம் மக்கள். இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துச் சங்கம் தோன்றி நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாட ஓர் ஆட்டம். ஒருபுறம் இங்கிலாந்து அணி. எதிரே, எந்த ஒரு நாட்டின் அணியும் அன்று. உலகம் முழுவதிலும் இருந்து பொறுக்கி எடுத்த வீரர்களின் அணி. பெயரே ‘உலக அணி’!

அந்த அணியிலே இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னால், பந்தாட்டம் அறிந்த முதியவர்களின் கண்கள் இன்றும் ஒளிவிடும். கருப்புடை அணிந்து கம்பத்துக்குக் கம்பம் தாவிய சோவியத் நாட்டு யாஷின். 1958, 1962 என்று இருமுறை உலகக் கோப்பையை ஏந்திய பிரேசில் அணியின் ஜால்மா சாண்டோஸ். செக்கோஸ்லோவாகியாவின் மசோபுஸ்ட். மின்னலெனப் பாய்ந்த ஸ்பெயினின் ஹென்டோ. அணித் தலைவராக தி ஸ்டெஃபானோ. இரண்டு மாதத்துக்கு முன்புதான், ஆகஸ்ட் 24ஆம் நாள், வெனிசுலாவின் காரகாஸ் நகர ஓட்டலிலிருந்து புரட்சிக் குழுவினர் அவரைக் கடத்திச் சென்று, இரண்டு நாளுக்கு மேல் அடைத்துவைத்து, தீங்கின்றி விடுவித்திருந்தார்கள். அந்த மனிதர் அக்டோபரிலே வெம்பிளிக்கு வந்து, ஒன்றும் நடவாதவர்போலப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்!

முற்பகுதி ஆட்டத்திலே யாஷின் கோட்டைச்சுவராக நின்றார், கோல் விழவில்லை. பிற்பகுதியிலே அவருக்குப் பதிலாக யூகோஸ்லாவியாவின் ஷோஷ்கிச் வந்தார். இங்கிலாந்தின் பெயின் ஒன்று போட்டார். புஷ்காஷ் தட்டிக்கொடுத்த பந்தை டெனிஸ் லா உள்ளே அனுப்பிச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், சார்ல்டன் அடித்த பந்து ஷோஷ்கிச்சின் கைக்கு அடங்காமல் தெறிக்க, கிரீவ்ஸ் பாய்ந்து முடித்தார். 2-1. இங்கிலாந்து வென்றது. நூறாண்டு கொண்டாட வந்த வீட்டாருக்கு வெற்றி, விருந்தினருக்குக் கைதட்டல். எல்லாம் முறைப்படி!

“பந்தாட்டந்தானே, இதிலே கேள்வி கேட்க என்ன இருக்கிறது?” என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

நூறாண்டு நிறைந்தது என்றார்களே, அந்தச் சங்கம் எங்கே பிறந்தது? 1863 அக்டோபர் 26ஆம் நாள், இலண்டனிலே ஃப்ரீமேசன்ஸ் டாவெர்ன் என்ற விடுதியிலே. கூட்டியவர் எபனேசர் மார்லி என்ற வழக்கறிஞர். கூடியவர்கள், மாலையிலே பொழுதுபோக்குக்குப் பந்தாட நேரமும் நிலமும் இருந்த கனவான்கள். பந்தைக் கையால் எடுத்து ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்றெல்லாம் வாதாடி விதி செய்தார்கள். குறை சொல்லவில்லை; நல்ல காரியம்தான். ஆனால், ஆடுவதற்குக் கூலி வாங்கலாம் என்பதை அந்தச் சங்கம் ஒப்புக்கொள்ள 1885ஆம் ஆண்டு பிறக்கவேண்டியிருந்தது! வயிற்றுக்கு வழியுள்ளவன், பணம் வாங்காமல் ஆடுவதே பெருமை என்றான். ஆலையிலே வாரமெல்லாம் உழைத்துவிட்டுக் கிடைத்த ஓய்வை விட்டுக்கொடுத்து ஆடுகிறவன், அந்தப் பெருமையைக் கொண்டுபோய்க் கடையிலே கொடுத்தால் ரொட்டி கிடைக்குமா?

இனி, நூறாவது ஆண்டில் களத்திலே ஆடியவர்கள் யார் என்று பார்ப்போம். உலக அணியின் கோபா, பிரான்சுக்குக் குடியேறிய போலந்துக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலே நிலக்கரிச் சுரங்கத்திலே இறங்கி, அங்கே விரலின் ஒரு பகுதியை இழந்தவர். லா, ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்து மீனவரின் மகன். யாஷின், போர்க்காலத்திலே சிறுவனாகவே தொழிற்சாலைக்குப் போனவர். இங்கிலாந்து அணியின் பாபி சார்ல்டன், ஆஷிங்டன் என்ற சுரங்க ஊரிலே, சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். கோல்காத்த பாங்க்ஸ், கரி மூட்டை கட்டியவர், செங்கல் அடுக்கியவர். விடுதியிலே கூடி விதி எழுதியோர் வேறு; வியர்வை சிந்தி அந்த ஆட்டத்தை வளர்த்தோர் வேறு. விழா மலரிலே எந்தப் பெயர் முன்னே வரும் என்று வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று இங்கிலாந்து அணியிலே ஜார்ஜ் ஈஸ்தம் என்றொருவர் ஆடினார். கோல் போட்டவர் வரிசையிலே அவர் பெயர் இல்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு பேரிலே நாம் எழுந்துநின்று வணங்கவேண்டியவர் அவர்தான் என்போம். ஏன்?

அந்நாளில் இங்கிலாந்திலே ஆட்டக்காரனுக்கும் கிளப்புக்கும் இருந்த ஒப்பந்தம் வினோதமானது. ஒப்பந்தக்காலம் முடியும், ஆனால் ஆட்டக்காரன் விடுபடமாட்டான்! “இவனை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்” என்று கிளப் தன் பட்டியலிலே பெயரை எழுதிவிட்டால் போதும். புது ஒப்பந்தத்திலே கையெழுத்திட மறுத்தால் சம்பளம் கிடையாது. வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. கிளப் மனது வைத்து விற்றால்தான் உண்டு. விற்ற பணம் கிளப்புக்கு. நம் தஞ்சைத் தரணியிலே பண்ணையாள் முறையைப் பற்றிக் கேட்டறிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்ள அகராதி தேடவேண்டாம். சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 1961 சனவரி வரை, எத்தனை பெரிய வீரனானாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் வாங்கக்கூடாது. அரங்கத்திலே அறுபதாயிரம் பேர் கட்டணம் செலுத்தி அமர்ந்திருப்பார்கள். அவர்களை அங்கே வரவழைத்தவன் இருபது பவுனை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஜிம்மி ஹில் தலைமையிலே ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று முரசறைந்த பிறகுதான் அந்த வரம்பு உடைந்தது.

ஈஸ்தம் நியூகாசில் கிளப்பிலே இருந்தவர். 1960இல், போகவேண்டும் என்றார், முடியாது என்றார்கள். கையெழுத்திட மறுத்தார், பந்தை விட்டுவிட்டுத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களிலே ஒருவர், புட்டிக்கு மூடி போடும் தக்கை விற்கிறார்! இறுதியிலே கிளப் இறங்கி வந்து அவரை அர்செனலுக்கு 47,500 பவுனுக்கு விற்றது. வேறொருவராக இருந்தால், விட்டது தொல்லை என்று ஆட்டத்தைப் பார்க்கப் போயிருப்பார். ஈஸ்தம் போகவில்லை. எனக்கு விடுதலை கிடைத்தது, மற்றவனுக்கு? என்று கேட்டதைப்போல, ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். கிளப்பின் மீது மட்டுமா? கால்பந்துச் சங்கமும் எதிர்வழக்காடியவர் வரிசையிலே நின்றது.

1963 சூலை மாதம் தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்த முறை, தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற வகையிலே தடுப்பது என்று நீதிபதி கூறினார். நீதிபதியின் பெயர் வில்பர்ஃபோர்ஸ்! ஆம், அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்திலே ஆண்டுக்கணக்கில் வாதாடிய வில்லியம் வில்பர்ஃபோர்சின் வழித்தோன்றல். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால், “பொருத்தம் மிகையாக இருக்கிறதே” என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

சூலையிலே தீர்ப்பு, அக்டோபரிலே விழா. எந்தச் சங்கத்தை எதிர்த்து வழக்காடி வென்றாரோ, அந்தச் சங்கத்தின் நூற்றாண்டு விழாவிலே, அதன் சட்டையை அணிந்து, அதன் பெருமைக்காக ஆடினார் ஈஸ்தம். வெம்பிளியிலே வாழ்த்துரைத்த கனவான்களுக்கு அது எப்படி இருந்ததோ, நாமறியோம். நமக்கு இனிக்கிறது!

ஈஸ்தமுக்கு முன்னே போராடியவனுக்கு இந்த இனிப்புக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1947 மே 10ஆம் நாள், கிளாஸ்கோ நகரத்து ஹாம்டன் பூங்காவிலே இன்னொரு விழா ஆட்டம். உலகக் கால்பந்துச் சம்மேளனத்தோடு பிணங்கிக்கொண்டு வெளியேறியிருந்த பிரிட்டிஷ் சங்கங்கள், போருக்குப்பின் 1946இல் திரும்பிவந்து சேர்ந்தன. அந்த மகிழ்ச்சிக்காக பிரிட்டிஷ் அணியும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளின் கூட்டணியும் மோதின. 1,30,000க்கு மேற்பட்ட மக்கள். ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று விளம்பரம். 6-1 என்று பிரிட்டன் வென்றது. வசூல், போரிலே வற்றிக்கிடந்த சம்மேளனத்தின் கருவூலத்துக்குப் போயிற்று.

அன்று இரண்டு கோல் போட்டவர் வில்ஃப் மானியன். பொன்னிற முடி, பூப்போன்ற ஆட்டம். ஊருக்குத் திரும்பும்போது இரயிலிலே இருக்கை கிடைக்காமல் தன் பெட்டியின்மீதே உட்கார்ந்து சென்றார் என்று அவருடைய கதையைச் சொல்வோர் சொல்வார்கள். அடுத்த ஆண்டு, தம் கிளப்பான மிடில்ஸ்பரோவை விட்டுப் போக விரும்பினார், விடவில்லை. கையெழுத்திட மறுத்து மாதக்கணக்கிலே ஆடாமல் இருந்தார். சங்கம் துணைக்கு வரவில்லை, சட்டம் துணைக்கு வரவில்லை. வருமானம் இல்லை. பசி வென்றது, மானியன் திரும்பிப்போய்க் கையெழுத்திட்டார். சம்மேளனத்தின் கருவூலத்தை நிரப்பிய கால்கள் அவை. அந்தக் கால்களுக்கு ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு நடந்துபோக உரிமையில்லை!

விழா ஆட்டத்தின் வெற்றியைக் கொண்டு ஒரு நாட்டின் வலிமையை அளக்கமுடியாது என்பதற்கும் இந்த ஆட்டங்களே சாட்சி. 1938 அக்டோபர் 26இல், சங்கத்தின் 75ஆம் ஆண்டுக்காக ஐரோப்பிய அணியை ஹைபரி அரங்கிலே 3-0 என்று வென்றார்கள். மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐரோப்பிய அணியிலே இத்தாலியர் ஐவர், ஜெர்மானியர் இருவர். கைகுலுக்கிப் பிரிந்தார்கள், அடுத்த ஆண்டு செப்டம்பரிலே போர். 1947இல் ஆறு கோல் போட்டு மார்தட்டினார்களே, மூன்றாண்டு கழித்து 1950 உலகக் கோப்பையிலே அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது இங்கிலாந்து.

1953 கதை இன்னும் சுவையானது. 90ஆம் ஆண்டு விழா. அக்டோபர் 21ஆம் நாள் வெம்பிளியிலே ஐரோப்பிய அணியோடு 4-4. கடைசி நேரத்துத் தண்ட உதையை ராம்சி கோலாக்கியதால் மானம் பிழைத்தது. அந்த ஐரோப்பிய அணியிலே ஹங்கேரி நாட்டு அணியினர் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறிய குபாலா மட்டும் இருந்தார், இரண்டு கோலும் போட்டார். “கண்டத்தார் எவரும் வெம்பிளியிலே எங்களை வென்றதில்லை” என்ற பாட்டு ஓயவில்லை. சரியாக ஐந்து வாரம். நவம்பர் 25ஆம் நாள், புஷ்காஷ் தலைமையிலே ஹங்கேரி அணி வந்தது. 6-3! பாட்டு நின்றது. அதே புஷ்காஷ்தான் பத்தாண்டு கழித்து, 1956க்குப் பின் நாடு திரும்பாதவராக, ஸ்பெயின் குடிமகனாக, அழைப்பிதழோடு அதே புல்தரையிலே உலக அணிக்காக இறங்கினார்.

சரி, ‘உலக அணி’ என்றார்களே. உலகம் வந்ததா? எண்ணிப் பார்ப்போம்; எண்ணுவது குற்றமில்லை.

களமிறங்கியவர்கள் மாற்றாளர்களையும் சேர்த்துப் பதினாறு பேர். செக்கோஸ்லோவாகியா 3, ஸ்பெயின் 3, மேற்கு ஜெர்மனி 2, ஸ்காட்லாந்து 2, சோவியத் நாடு, பிரான்சு, போர்ச்சுகல், யூகோஸ்லாவியா, பிரேசில், சிலி ஒவ்வொன்று. ஆக, ஐரோப்பிய நாடுகளின் பெயரால் 14, தென் அமெரிக்காவின் பெயரால் 2. ஆசியா? இல்லை. ஆப்பிரிக்கா? இல்லை. இலண்டனிலிருந்து இரவு இரயில் ஏறினால் காலையிலே இறங்கிவிடக்கூடிய ஸ்காட்லாந்து ‘உலகம்’ ஆயிற்று. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் உலகத்துக்கு வெளியே!

“ஆப்பிரிக்கர் ஒருவர் இருந்தாரே, யூசேபியோ?” என்று கேட்பீர்கள். இருந்தார். மொசாம்பிக்கின் லோரென்சோ மார்க்வெஸ் நகரிலே, இன்றைய மபுட்டோவிலே, 1942இல் பிறந்த கருப்பு முத்து. ஆனால் எந்த நாட்டுப் பெயரால் ஆடினார்? போர்ச்சுகல்! மொசாம்பிக்கை அடிமை நாடாக வைத்திருந்த போர்ச்சுகல். மறு ஆண்டு அங்கே விடுதலைப்போர் வெடித்தது. 1975இல்தான் கொடி ஏறியது. மண்ணும் எங்களுடையது, மண்ணில் விளைந்த முத்தும் எங்களுடையது என்ற கணக்கு.

தகுதி பார்த்துப் பொறுக்கினார்கள், தகுதியுள்ளவர் ஆசியாவிலே இல்லை என்று பதில் வரும். இந்தச் சொல் நம் காதுக்குப் பழக்கமானதுதான். 1962 செப்டம்பரிலே ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்திலே, தலையிலே கட்டோடு முன்வரிசையில் நின்று ஆடிய ஜர்னயில் சிங்கும், பி. கே. பானர்ஜியும் கோல் போட, பீட்டர் தங்கராஜ் கோல்காக்க, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது இந்தியா. இவர்கள் யாஷினுக்கும் தி ஸ்டெஃபானோவுக்கும் நிகர் என்று வாதாட நாம் வரவில்லை. அப்படி வாதாடினால் நாமே சிரிப்போம். பதினாறிலே ஒன்று, பிற்பகுதியிலே பதினைந்து நிமிடம் — அதற்குக்கூட ஒரு கண்டத்திலும் ஆள் இல்லையா என்றுதான் கேட்கிறோம். ஆளா இல்லை? பார்த்தவர்களா இல்லை?

பார்க்காததற்குக் காரணம் உண்டு. அப்போது உலகச் சம்மேளனத்தின் தலைவர் சர் ஸ்டான்லி ரவுஸ். 1934 முதல் 1962 வரை இங்கிலாந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். ஆட்டவிதிகளைத் திருத்தமாக எழுதிய அறிவாளி, மறுக்கவில்லை. ஆனால் அதே 1963 சனவரியிலே அவர் செய்த காரியம் என்ன? நிறவெறி காரணமாக 1961இல் நீக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கச் சங்கத்தை, நேரிலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தடையை நீக்கிச் சேர்த்துக்கொண்டார்! சேர்ந்தவர்கள் எப்படித் திருந்தினார்கள் தெரியுமா? 1966 உலகக் கோப்பைக்கு முழுக்க வெள்ளையர் அணி, 1970க்கு முழுக்கக் கருப்பர் அணி அனுப்புகிறோம் என்றார்கள்! ஒரே சட்டையை இருவரும் ஒரே நாளிலே அணிந்தால் துணி கிழிந்துவிடும் என்று எண்ணினார்கள் போலும். 1964இல் டோக்கியோ மாநாட்டிலே ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் திரண்டு வாக்களித்து அந்தச் சங்கத்தை மீண்டும் நீக்கிவைத்தன.

அதே ஆண்டுதான், 1966 உலகக் கோப்பையிலே ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஓஷியானியாவுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம் என்று சம்மேளனம் அறிவித்தது. பதினாறு இடத்திலே, மூன்று கண்டத்துக்கு ஒன்று! நுக்ரூமாவின் கானா கொதித்தெழுந்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகின. அபராதம் போட்டார்கள்; அசையவில்லை.

அந்த ஒற்றை இடத்தை ஆஸ்திரேலியாவை வென்று பிடித்தது வட கொரியா. வந்தார்கள், இத்தாலியை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு 1966 சூலை 23ஆம் நாள், லிவர்பூலின் குடிசன் பூங்காவிலே, கால் இறுதி. இருபத்தைந்து நிமிடத்திலே வட கொரியா 3, எதிரணி 0. தகுதியில்லை என்று சொல்லப்பட்ட ஆசியா! எதிரணி எது? போர்ச்சுகல். அதைக் காப்பாற்றியது யார்? யூசேபியோ. நான்கு கோல் அவரே போட்டார், 5-3. இடமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஆசியாவை, இடமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஆப்பிரிக்காவின் மகன், ஐரோப்பாவின் சட்டையிலே நின்று வென்றார். வெம்பிளி விழாவிலே ஓரிடம் கேட்டுக் கிடைக்காதவர்கள், லிவர்பூலிலே உலகத்தையே நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தார்கள்.

விலகி நின்றதற்குப் பலன் கிடைத்தது. 1970 உலகக் கோப்பையிலே ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம், மொராக்கோ போயிற்று. 1974இல் பிராங்க்ஃபர்ட் மாநாட்டிலே ரவுஸ் தேர்தலில் தோற்றார். ஆப்பிரிக்க, ஆசிய வாக்குகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றிய பிரேசிலின் ஹாவலாஞ்ச் வென்றார். அவரை உத்தமர் என்று சொல்லவில்லை. கையூட்டு விவகாரத்திலே சிக்கி 2013இல் கௌரவத் தலைவர் பதவியையும் விட்டு இறங்கியவர் அவர். ஆனால் வாக்குக் கேட்டு அக்ரா போகவேண்டும், கெய்ரோ போகவேண்டும் என்ற நிலை வந்ததே, அது சிறிதல்ல. 2026 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது, ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

விழா ஆட்டங்கள் பிறகும் நடந்தன. 1987 ஆகஸ்டிலே, கிளப்புகளின் கூட்டமைப்பான லீக் தன் நூற்றாண்டுக்காக வெம்பிளியிலே உலக அணியை அழைத்து 3-0 என்று வென்றது. முந்திய ஆண்டு கையால் கோல் போட்ட மரடோனா பெருந்தொகை பெற்று வந்திருந்தார். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. விருந்தினரைக் காசு கொடுத்து அழைத்து வந்து ஊளையிடுவது என்ன பண்பாடோ!

2013இல் கால்பந்துச் சங்கத்துக்கு 150 ஆண்டு நிறைந்தது. பிரேசிலை அழைத்தார்கள், அயர்லாந்தை அழைத்தார்கள், ஸ்காட்லாந்தை அழைத்தார்கள். ‘உலக அணி’ என்று பெயர் சூட்டி எவரையும் அழைக்கவில்லை.